சீட்டு எடுக்காத வரைக்கும்

ஏனுங்க, அந்தச் சன்னலச் சித்தச் சாத்தறீங்களா? வெயில் நேரா இந்த போன்மேல அடிக்குது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இல்லீங்க, பாட்டெல்லாம் போட மாட்டன். படமும் பாக்கல. சும்மா கையில வெச்சிருக்கறன். இது அணைஞ்சு போகாமப் பாத்துக்கோணும், அவ்வளவுதான் என் வேல. நீங்க வால்பாறைங்களா? நல்லதாப் போச்சு. நானும் வால்பாறைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கறன். கண்டக்டர் டிக்கெட்டக் கிழிக்கறப்ப ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாத்தீங்ளா, மயில்சாமின்னு பேரு. அவரு எப்பவும் அப்படித்தான், கண்டுக்காதீங்க.

என் பேரு தெய்வசிகாமணிங்க. பொள்ளாச்சில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கறன். ஆதாரு, பட்டா, பரிட்சைக்கு அப்ளிகேசன் போடறது, அந்த மாதிரி வேல. இப்ப தங்கச்சியக் கூட்டிட்டு வரப் போறன். கோகிலவாணின்னு பேரு, நாங்க வாணிம்போம். நாங்கன்னா நான்தான், வேற யாரு இருக்கா. மேல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சராச் சேர்ந்திருக்கறா. அதுதானுங்க பிரச்சினையே. ஆட்டம் முடியறதுக்குள்ள போயி வேலைல சேர்ந்துட்டா.

ஆட்டம்னதும் மொகத்தச் சுளிக்காதீங்க. ரம்மி இல்லீங்க, காசு பணம் பேச்சே இல்ல. இது வேற சீட்டு. கோயமுத்தூருல ஒரு கம்பெனில கொஞ்ச நாள் இருந்தேன், அங்க பசங்க மத்தியானச் சோத்து நேரத்துல ஆடுவாங்க. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு படம் இருக்கும். பறக்கற நாகம், சூனியக்காரன், காடு, மலை. கீழ எழுதியிருக்கும், இந்தச் சீட்ட எறக்குனா இன்னது நடக்கும்னு. ஆளாளுக்கு அவங்கவங்க கட்ட அவங்கவங்களே சேத்து வெச்சுக்கோணும். எங்கிட்ட இருக்கறத உனக்குக் குடுக்கறன், உங்கிட்ட இருக்கறத எனக்குக் குடுன்னு மாத்திக்குவாங்க. அப்பா தவறுன பொறவு நான் ஊருக்கு வந்துட்டேன். இங்க யாரு ஆடறா? அப்பத்தான் இந்தச் சாப்ட்வேர் கெடச்சுது. அத்தன சீட்டும் உள்ளயே இருக்குது. வேணுங்கறத எடுத்துக் கட்டுப் போட்டுட்டு, உலகத்துல எவன் கூட வேணும்னாலும் டேபிள் போட்டு ஆடலாம்.

இந்தப் பாருங்க. கீழ இருக்கறது நான், மேல இருக்கறது எதிராளி. நான் ஒரு சீட்ட எறக்குனா, எதிராளிக்கு 'சரியா?'ன்னு ஒரு கேள்வி போகும். அவங்க 'சரி'ய அமுக்குனாத்தான் அடுத்தது நகரும். நெம்ப மரியாதையான சாப்ட்வேருங்க. மனுசங்க கூட இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்ய மாட்டாங்க.

என் கட்டு எப்படின்னா, நான் யாரையும் அடிக்க மாட்டன். மத்தவனெல்லாம் நாகத்த எறக்குவான், நெருப்பக் கக்குவான், எதிராளிய முடிச்சுருவான். எனக்கு அந்த முரட்டுத்தனம் ஆகாதுங்க. என் கட்டுல 'இரும்பு வாசல்'னு ஒரு சீட்டு, அத எறக்கிட்டா எதிராளி நாகம், சூனியக்காரன்னு எந்த ஆளையும் வெளிய கொண்டாற முடியாது. 'காத்திரு'ன்னு இன்னொண்ணு. எதிராளி என்னத்த எறக்குனாலும் திரும்ப அவங்க கைக்கே போயிரும். பேரெல்லாம் இங்கிலீசுலதான் இருக்கும், நான் நம்ம பேச்சுல சொல்றன். ரெண்டும் எறங்கிருச்சுன்னா எதிராளி முறைக்கு ஒரு சீட்டு எடுக்கலாம், கையில வெச்சுப் பாக்கலாம், அப்பறம் 'சரி'ங்கலாம். வேற ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு கீறல் கூட விழாது அவங்களுக்கு.

அப்பறம் எப்படி ஜெயிப்பீங்கன்னு கேளுங்க. கட்டுல அறுபது சீட்டு. முறைக்கு ஒண்ணு எடுத்தே ஆகோணும். எடுக்கறதுக்குச் சீட்டு இல்லாதவன் தோத்தவன். நான் எப்பவும் முதல் முறைய எதிராளிக்கே விட்டுருவன். எல்லாரும் 'உங்களுக்குப் பெரிய மனசு'ம்பாங்க. முதல்ல எடுத்தவனுக்குத்தான முதல்ல தீரும்? கடைசியா அவங்க கட்டு காலியாகறப்ப எனக்கு ஒரே ஒரு சீட்டு மீதி இருக்கும். அந்த ஒத்தச் சீட்டுல ஜெயிச்சுருவன்.

ஆனா எவனும் அது வரைக்கும் இருக்கறதில்லீங்க. பாதியிலயே டேபிள விட்டு ஓடிருவானுங்க. போறப்ப திட்டிட்டு வேற போவானுங்க. ஒருத்தன், எந்த நாட்டுக்காரனோ, 'உன் கூட ஆடறதும் செவுத்தப் பாத்து ஒக்காந்துட்டு இருக்கறதும் ஒண்ணு'ன்னு எழுதிட்டுப் போனான். நான் அவன என்ன பண்ணுனேன்? ஒரு அடி அடிச்சனா? பாதியில எந்திரிச்சுப் போறதுதானுங்க இன்னிக்கு எல்லாருக்கும் பழக்கமாப் போச்சு. கடைசியில எம்பேரப் பாத்தாலே எவனும் டேபிளுக்கு வர்றதில்ல.

அப்பத்தான் வாணிக்குச் சொல்லிக் குடுத்தேன். அவளும் வீட்ல சும்மாதான இருந்தா. பி.எட். படிச்சிருக்கறா, கெட்டிக்காரி. அவ உள்ரூம்புல லேப்டாப்ப வெச்சுக்குவா, நான் முன்னால ஒக்காந்துக்குவன். ஒரே வீட்டுக்குள்ள எதுக்குங்க சாப்ட்வேருன்னு எங்க மாமா கூடக் கேட்டாரு. எதிர்ல ஒக்காந்து ஆடுனா அவ மொகத்தப் பாக்கோணும். அவ மொகத்தப் பாத்தா எனக்கு ஆட வராதுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

அவ மாதிரி ஒரு எதிராளி எனக்குக் கெடைக்கவே மாட்டாங்க. வாசல் எறங்கிரும், 'காத்திரு' எறங்கிரும். அப்பவும் ஒக்காந்திருப்பா. சீட்டு எடுப்பா, பாப்பா, 'சரி'. அடுத்த சீட்டு, 'சரி'. செவுத்துக்கு அந்தப் பக்கம் அந்த பட்டன் சத்தம் கேக்கும். நம்ம குடும்பத்துல யாரும் பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது அம்மிணின்னு முதல் நாளே சொல்லிப் போட்டேன். ஒரு நாள் போகலீங்க அவ. கடைசிச் சீட்டு வரைக்கும் இருந்து தோத்துட்டு, அப்பறம் வந்து தோசை ஊத்துவா.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? பின்னால சீட்டு காலியா இருக்குதா? இருக்கட்டுமே, பின்னால தூக்கித் தூக்கிப் போடும். இங்கயே இருங்க, சன்னலோரமா எவ்வளவு வசதி. நான் வேணும்னா கால மடக்கிக்கறன். உக்காருங்க, இன்னம் முக்கியமான சமாச்சாரத்தையே சொல்லல.

வேலைக்கு அனுப்பலியா, கல்யாணம் பண்ணலியான்னு ஊரெல்லாம் கேட்டாங்க. நான் ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருந்தா கேளுங்க. உடுமலையில ஒரு பள்ளிக்கூடத்துல கூப்ட்டாங்க. காலைல பஸ்சுல நெம்பக் கூட்டம், பாக்கலாம் அம்மிணின்னேன். கோபில இருந்து ஒரு வரன் வந்துச்சு. தங்கமான பையன், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அவங்க வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லீங்க. மழைக்காலத்துல வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது? பாக்கலாம்னேன். அவங்க வேற எடத்துல முடிச்சுட்டாங்க, நான் என்ன பண்றது? தாராபுரத்துல ஒண்ணு வந்துச்சு. அந்தப் பையன் பேசறப்ப கீழயே பாத்துட்டுப் பேசுனான். பாக்கலாம்னேன். கை நீட்டுனதில்ல, ஒரு சத்தம் போட்டதில்ல. அவளுக்கு ஒரு கொறை வெக்கலீங்க. எனக்குக் கல்யாணமா? அவளுக்கு முடிச்சுட்டுத்தானுங்க எனக்கு. அண்ணன் முன்னாடி பண்ணிக்கிட்டா நல்லாவா இருக்கும்?

வைகாசி மாசத்துல வால்பாறையில இருந்து ஆர்டர் வந்துச்சு. டீச்சர் வேல, தங்கறதுக்கு ரூம்பும் குடுக்கறாங்க. ஆர்டர எங்கிட்டக் காட்டுனா. மழை ஜாஸ்தி, குளிரு, அட்டைப் பூச்சி, சிறுத்தை வேற நடமாடுது, பாக்கலாம் அம்மிணின்னேன். அவ நகரவே இல்லீங்க. 'எத்தன நாளைக்கு அண்ணா பாக்கறது?'ன்னு கேட்டா. அதுவரைக்கும் அவ அப்படிக் கேட்டதே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சும்மா சிரிச்சுட்டே, 'ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டுப் போ'ன்னேன். 'சத்தியமா?'ன்னா. 'சத்தியமா'ன்னேன். 'மாசாணியம்மன் மேல?'ன்னா.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, ஆனமலை மாசாணி மேல பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாதுங்க. நாயம் கெடைக்கலீன்னா அங்க போயி மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசுவாங்க. பூசிட்டா அம்மன் கணக்கு தீர்க்காம விட மாட்டா. வாணி மொளகா அரைக்கற ஆளில்ல. ஆனாலும் அந்தப் பேரச் சொன்னதும் சித்த யோசிச்சேன். இருந்தாலும் என்ன, என் கட்ட இவ எங்க ஜெயிக்கறதுன்னு நெனச்சு, 'மாசாணி மேல'ன்னு சொல்லிப் போட்டேன்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. சாயங்காலம் டேபிள் போட்டோம். வழக்கம் போல முதல் முறைய அவளுக்கு விட்டேன். வாசல எறக்குனேன், 'சரி'ன்னா. 'காத்திரு'வ எறக்குனேன், 'சரி'ன்னா. அவ எதையும் எறக்கக் கூடப் பாக்கல. சீட்டு எடுக்கறா, சரி. எடுக்கறா, சரி. பாவமா இருந்துச்சுங்க. நடுவுல எந்திரிச்சுப் போயி எனக்கு ஒரு டீ கூடப் போட்டுக் குடுத்துட்டுப் போனா. கடைசி வரைக்கும் வந்துட்டோம். அவ ஒரு சீட்டு எடுத்தா. இதோட அவ கட்டு காலின்னு நெனச்சேன். என்னோட முறைக்கு என் கடைசிச் சீட்ட எடுத்தேன். இனி அவளுக்கு எடுக்க ஒண்ணுமில்ல. தோத்தான்னு நெனச்சு ஒரு கொட்டாவி விட்டேன். அவ இன்னொரு சீட்டு எடுத்தா.

அறுபத்தொண்ணுங்க. அவ கட்டுல அறுபத்தொரு சீட்டு.

அறுபதுக்குக் கொறையக் கூடாதுங்கறதுதான் சட்டம். மேல எத்தன வேணும்னாலும் வெக்கலாம், ஆனா எவனும் வெக்க மாட்டான். கட்டு பெருத்தா வேணுங்கற சீட்டு நேரத்துக்குக் கைக்கு வராது. அவளுக்குத்தான் எந்தச் சீட்டும் வேண்டியதில்லியே. சீட்டு அடுக்குக்குக் கீழ குட்டியா ஒரு நம்பர் போட்டிருக்கும், எத்தன மீதின்னு. இத்தன நாள்ல நான் ஒரு நாள் கூட அவ பக்கத்து நம்பரப் பாத்ததில்லீங்க. பாக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல. அந்த அறுபத்தொண்ணாவது சீட்டு என்ன சீட்டுன்னு கூட எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவ கையிலதான் இருக்குது.

'அண்ணா, உங்க முறை'ன்னு எழுதுனா. செவுத்துக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. நான் எடுக்கப் போனா சீட்டு இல்ல. எடுத்தா நான் தோத்தேன். அவ போயிருவா.

நாயமாச் சொல்லுங்க, இது ஜெயிக்கறதுங்களா? அவ என்னத்த ஆடுனா? ஒரு சீட்டு எறக்கல, ஒரு வேல செய்யல. சும்மா ஒக்காந்து காத்துட்டே இருந்தா. எதிராளிக்குத் தீர்ற வரைக்கும் சும்மா இருக்கறதுக்குப் பேரு ஆட்டமா? என்னது? நான் ஆடறதும் அதுதானா? அது வேறைங்க. நான் காவல் காக்கறன். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லீங்களா?

நான் சத்தியத்த மீறல. அத மட்டும் தெளிவாச் சொல்லிப் போடறன். ஜெயிச்சாப் போலாம்னு சொன்னேன். ஆட்டம் இன்னம் முடியல. என் முறை, நான் இன்னம் சீட்டு எடுக்கல. எடுக்காத வரைக்கும் யாரும் தோக்கல, யாரும் ஜெயிக்கல. 'யோசிக்கறன்'னு எழுதுனேன். அவ 'சரி'ன்னா. அடுத்த நாளும் 'அண்ணா, உங்க முறை'ன்னா. 'யோசிக்கறன்'னேன். இந்த டேபிளுக்கு நேரக் கணக்குக் கெடையாதுங்க, எத்தன நாள் வேணும்னாலும் யோசிக்கலாம்.

பள்ளிக்கூடம் தொறக்கற நாள் வந்துச்சு. அவ பெட்டி கட்டி வாசல்ல வெச்சுட்டு எங்கிட்ட வந்து நின்னா. 'அண்ணா, ஆட்டம் அப்படியேதான் இருக்குது. நான் டேபிள மூடல. யோசிச்சு முடிச்சதும் எடுங்க'ன்னா. கால்ல விழுந்து கும்பிட்டுட்டு பஸ் ஏறிட்டா. அழுகலீங்க அவ. என்னால வாசல்ல நிக்கக் கூட முடியல, உள்ள கம்ப்யூட்டர்கிட்ட ஓட வேண்டியிருந்துச்சு, நெட் லைன் போயிருச்சோன்னு.

ஏன்னா இந்தச் சாப்ட்வேருல ஒண்ணு இருக்குதுங்க. யாரு முறையோ அவங்க லைன்லயே இருக்கோணும். சித்த நேரம் லைன் விட்டுப் போச்சுன்னா, ஓடிட்டான்னு முடிவு பண்ணி எதிராளி ஜெயிச்சதா எழுதிரும். முறை இல்லாதவங்க போலாம், வரலாம், அவங்க இஷ்டம். முன்னால எல்லாம் இந்தச் சட்டம் எனக்கு நெம்பப் பிடிக்கும். ஓடிப் போறவனுக்கு இப்படித்தான் வேணும்னு நெனப்பேன். இப்ப முறை என்னோடதாப் போச்சு. அவ காலைல பள்ளிக்கூடம் போறா, புள்ளைங்களோட ஆடறா, அருவி பாக்கப் போறா. சாயங்காலம் வந்து எட்டிப் பாத்து 'அண்ணா, உங்க முறை. சாப்ட்டீங்களா?'ன்னு எழுதிட்டுப் போறா. என்னால எங்கயும் அசைய முடியறதில்ல. கரண்ட் போனா உசுரு போகுது. கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டுனேன். அப்பறம் போன்லயும் இந்த டேபிளத் தொறக்கலாம்னு கண்டுபிடிச்சேன். மாமா மகன் கல்யாணத்துக்குப் போகல, மண்டபத்துல சிக்னல் கெடைக்காதுன்னாங்க. குளிக்கறப்பக் கூட போனக் கதவுக்கு வெளிய ஸ்டூல் மேல வெச்சுட்டுத்தான் குளிக்கறது. ரெண்டு சிம்மு போட்டிருக்கறன், அதனாலதான் இப்படி வெளிய வர முடியுது.

இந்த போன வீட்லயே ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டு வரலாமேன்னு கேக்கறீங்களா? யாருகிட்டக் குடுக்கறது? அதத்தான சொல்றன், வீட்ல யாருங்க இருக்கா? சாயங்காலம் சென்டரச் சாத்திட்டு உள்ள போனா அந்தச் செவுரு இருக்குது, அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பயமா இருக்குதுங்க. இந்த போன்ல அவ பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் பொட்டு வரும், சாயங்காலம் அவ வந்தா. அது வர்ற வரைக்கும் ஒக்காந்திருப்பன்.

தோத்துட்டாத்தான் என்னவா? சொல்றீங்க பாருங்க. தோத்தா ஆட்டம் முடிஞ்சுதுங்க. முடிஞ்சா அவ எதுக்குங்க தினமும் வந்து எட்டிப் பாக்கோணும்?

அதான், நேர்லயே போயி ஒரு வார்த்த சொன்னா வந்துருவா. அவ என் பேச்சத் தட்ட மாட்டா. இந்தப் பையில ஒரு ஸ்வெட்டர் வெச்சிருக்கறன், அவளுக்குத்தான். மேல மழை பேஞ்சு கொட்டுதுங்கறாங்க, அவ வெறும் சால்வையோட போயிட்டா. நானே போயிப் போத்தி விட்டு, வா அம்மிணின்னா வந்துருவா.

ஆழியாறு வந்துருச்சுங்களா? டேம் தெரியுது பாருங்க. இந்தா, சிக்னல் ஒரு கோடு கொறையுது. இன்னம் ரெண்டு கோடு இருக்குது. உங்க போன்ல எத்தன காட்டுது? பாத்துச் சொல்லுங்க சித்த. உங்களுதும் அவ்வளவுதானா? செக்போஸ்ட் தாண்டி வளைவு ஏற ஆரம்பிச்சா என்னோட ரெண்டு சிம்மும் செத்துப் போயிரும். வண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறி முடிக்கறதுக்குள்ள சாப்ட்வேரு என்னைய ஓடிட்டான்னு எழுதிரும்.

இருங்க, என்னமோ வந்திருக்குது. வாணிதான். இந்நேரத்துக்கு வர மாட்டாளே. பச்சைப் பொட்டு எரியுது பாருங்க. 'அண்ணா, செக்போஸ்ட் வந்துட்டீங்களா? இன்னிக்காச்சும் எறங்காதீங்க. மேல வாங்க. கத்திரிக்கா கொழம்பு வெச்சிருக்கறன்.'

கத்திரிக்கா கொழம்பாமுங்க. அவ கொழம்பு எனக்கு நெம்பப் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும். பாத்தீங்களா தந்திரத்த. மேல ஏறுனா லைன் போகும், லைன் போனா ஆட்டம் அவளுது. எந்தப் பக்கம் கூப்பிடறா பாருங்க.

வர்றன் மயிலு, வர்றன். விசில் ஊதாத. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம வால்பாறைக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கயே எறங்கறாருன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லாதப்பா. வாணிக்கும் நீதான் சொல்லியிருக்கோணும். புதுசா வர்றவங்க என்ன நெனப்பாங்க? அடுத்த வாரம் ஏறிருவன். சிம்மு ஒண்ணு மாத்திப் பாக்கறன்.

நீங்க நல்லா ஒக்காந்துக்குங்க. சன்னலத் தொறந்துக்குங்க, இனி நல்ல காத்து வரும். நான் இந்த டீக்கடையில சித்த ஒக்காந்துட்டு எதிர் வண்டியப் புடிச்சுருவன். இங்க சிக்னல் நல்லா இருக்கும், கடைக்காரரு சார்ஜர் போட விடுவாரு. மேல போனா அந்தப் பள்ளிக்கூடம் ரோட்டுப் பக்கந்தான். வாணி டீச்சர்னு கேட்டா யாரா இருந்தாலும் காட்டுவாங்க. பாத்தீங்கன்னா சொல்லுங்க, அண்ணன் யோசிச்சுட்டுத்தான் இருக்கறாருன்னு.

என்னங்க? ஸ்வெட்டரா? நீங்களே கொண்டு போயி அவகிட்டக் குடுத்தர்றீங்களா?

பாக்கலாமுங்க.